கேட்டுச்சா? கேட்டுச்சு!

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கரண்ட், கரண்ட் அக்கவுண்ட்தான்.

வீட்டில் திடீரென்று விளக்கு அணைந்தால் பால்கனிக்கு ஓடி, எதிர் வீட்டிலும் இருட்டா என்று பார்ப்பேன். அங்கேயும் இருட்டு என்றால் மனசுக்கு ஓர் அற்ப நிம்மதி. அத்துடன் என் மின்சார ஞானம் முற்றும்.

அப்பேர்ப்பட்ட ஆசாமி, போன மாதம் ஒரு குட்டி கம்ப்யூட்டரில் ஐந்து சுவிட்ச்சும் ஒரு சிவப்பு விளக்கும் மாட்டி, ஒன்றாம் நம்பரை அழுத்தினால் டி.எம்.சௌந்தரராஜன் பாடுகிற மாதிரி செய்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? என் மனைவி இன்னும் நம்பவில்லை. “யார் செஞ்சு குடுத்தாங்க, உண்மையைச் சொல்லுங்க” என்று தினம் ஒரு தடவை கேட்கிறாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பா.

அப்பாவுக்கு வயது 76. தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ரிடையரானவர். அவர் ரிடையராகி நாலு வருஷத்தில், 2013 ஜூலையில், தந்தியே ரிடையராகிவிட்டது. “எனக்கப்புறம் சரியான ஆள் கிடைக்கலைடா, மூடிட்டான்” என்பார். சில வருஷமாக அவருக்குப் பார்க்கின்சன். கை நடுங்கும். சாப்பாட்டை ஸ்பூன் வைத்துச் சமாளித்துவிடுகிறார். சட்டைக்குப் பட்டன் போட அரை மணி ஆனாலும் அவரேதான் போட்டுக்கொள்கிறார். அவர் தோற்றது ஒரே ஓர் இடத்தில். டச் போன்!

டச் போனை விரல் ஒரு தடவை தொட வேண்டும். தொட்டதும் எடுத்துவிட வேண்டும். பார்க்கின்சன் நடுக்கம் என்பது விநாடிக்கு நாலிலிருந்து ஆறு தடவை. அப்பா பி.பி.ஸ்ரீனிவாஸ் கேட்கலாம் என்று ஆசையாகத் தொட்டால், ராத்திரி பதினோரு மணிக்கு என் மைத்துனனுக்கு வீடியோ கால் போகும். அவன் பனியனும் பதற்றமுமாக எழுந்து வந்து, “என்ன மாமா, யாருக்கு என்ன?” என்பான். ஒரு நாள் பாட்டுப் போடப் போய், பாட்டு ஆப்பையே டெலிட் பண்ணிவிட்டார்.

‘கடையில்தான் பாட்டெல்லாம் ஏற்றி ரெடிமேடாக ரேடியோப் பெட்டி விற்கிறானே?’ என்று கேட்பீர்கள். வாங்கினோம் ஸார். பொத்தான் ஒவ்வொன்றும் மிளகு சைஸ். அப்பா ஒன்றை அழுத்தினால் அக்கம்பக்கத்து இரண்டும் சேர்ந்து உள்ளே போகும்.

சரி, மகன் என்று ஒருத்தன் இருக்கிறானே, அவன் பாட்டு வைத்துத் தர மாட்டானா?

அங்கேதான் வெட்கக்கேடு. நான் ஆபீஸ் போகிறவன் இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். அப்பாவின் கட்டிலுக்கும் என் மேஜைக்கும் பத்தடி தூரம். “டேய், அந்தப் பாட்டைக் கொஞ்சம்...” என்பார். காதில் நன்றாகவே விழும். ஆனால் கை பாதி வாக்கியத்தில் இருக்கும். முடித்துவிட்டுப் போகலாமே என்று பேசாமல் இருப்பேன். முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்து நிற்கும். அப்பா மூன்று தடவை கூப்பிடுவார். நாலாவது தடவை கூப்பிட மாட்டார். போன தீபாவளிக்கு அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். நானாகப் போய், “பாட்டு வைக்கட்டுமாப்பா?” என்றால், “வேண்டாம்டா, நீ வேலையைப் பாரு.”

அந்த ‘வேண்டாம்டா’தான் என்னை எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தது.

* * *

நகைக்கடைகளில் டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். மியூசியங்களில், ‘பச்சைப் பொத்தானை அழுத்தினால் படம் ஓடும்’ என்று எழுதிவைத்திருப்பார்கள். அந்த டி.வி.க்குப் பின்னால் டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு மீடியா பிளேயர் ஒளிந்திருக்கும். சிலவற்றின் முதுகில் சின்னச் சின்னப் பின்கள் இருக்கும். அந்தப் பின்னில் ஒரு சுவிட்ச்சை மாட்டினால், அழுத்தும்போது பிளேயருக்குத் தெரியும். ஓர் எல்.ஈ.டி. விளக்கை மாட்டினால், பிளேயர் நினைத்தபோது எரியும். இந்தப் பின்களுக்கு ஜி.பி.ஐ.ஓ. என்று பெயர். ஜெனரல் பர்ப்பஸ் இன்புட் அவுட்புட். அதாவது, உள்ளே வருவதற்கும் அதுதான், வெளியே போவதற்கும் அதுதான். எது வேண்டும் என்பதை ஒவ்வொரு பின்னுக்கும் முன்கூட்டியே நாம் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்ததும் எனக்குப் புல்லரித்தது. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்று ப்ளஸ் ஒன் அக்கவுண்டன்ஸியில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, அதேதான்! எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் நம்மிடம் காப்பியடித்திருக்கிறார்கள்.

கடைக்குப் போடுகிற பிளேயர் நம் பர்ஸுக்குக் கட்டுப்படியாகாது. அதற்குப் பதில் ராஸ்பெர்ரி பை என்று ஒரு போர்டு இருக்கிறது. பிள்ளைகள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளட்டும் என்று 2012ல் இங்கிலாந்தில் மலிவாக விற்க ஆரம்பித்தது. சீட்டுக்கட்டு சைஸ்தான். ஆனால் முழுக் கம்ப்யூட்டர். பாட்டுகளை ஒரு மெமரி கார்டில் போட்டுச் செருகி, ஒரு ஸ்பீக்கரை மாட்டினால் அதுவே மீடியா பிளேயர். பழைய நண்பர் ஒருவரின் டிராயரில் 2016ல் வந்த மூன்றாம் மாடல் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிரியாணிக்குக் கை மாறியது. (நீங்களும் செய்வதாக இருந்தால் ஒரு விஷயம்: ஐந்தாம் மாடலில் ஹெட்போன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள். ஸ்பீக்கரை நேராகச் செருக வேண்டுமானால் பழைய மாடலே தேவலை.)

போர்டின் ஓரத்தில் இரண்டு வரிசையாக 40 பின்கள். அதில் இரண்டு, 5 வோல்ட் கொடுக்கிறவை. இரண்டு, 3.3 வோல்ட். எட்டு, கிரவுண்ட். மிச்சமுள்ள 28ல் இரண்டைத் தொடாமல் விட்டால், 26 நம் இஷ்டத்துக்கு. இந்த 26ம் 3.3 வோல்ட் ஜாதி. இவற்றில் எதன் மேலாவது 5 வோல்ட்டைக் கொண்டுபோய் வைத்தால் போர்டு பரலோகப் பிராப்தி அடையலாம். அந்த 5 வோல்ட்டோ மூலையிலேயே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒயர் மாட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டுவது உத்தமம்.

* * *

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மவுண்ட் ரோடை ஒட்டி, எலெக்ட்ரானிக்ஸில் இருக்கிற எல்லாமும் இல்லாததும் கிடைக்கிற தெரு. ஆறடிக்கு நாலடியில் ஒரு கடை. உள்ளே இருபது வயசுப் பையன்.

“தம்பி, எல்.ஈ.டி. லைட் வேணும்.”

“அஞ்சு எம்.எம்.மா, மூணு எம்.எம்.மா ஸார்?”

“நல்லா எரியறதா குடு.”

அவன் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தான். சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒவ்வொரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துவிட்டு, “ரெசிஸ்டர் வேண்டாமா ஸார்?” என்றான்.

“அது எதுக்குப்பா? ஒரு லைட்தானே?”

இந்த இடத்தில் அந்தப் பையன் எனக்குக் கொடுத்த லெக்சரை, மூன்று வருஷ பி.காமில் யாரும் கொடுத்ததில்லை. சாராம்சம் இதுதான்:

எல்.ஈ.டி. என்பது ஓர் ஊதாரி. சிவப்பு எல்.ஈ.டி.க்கு எரிவதற்குச் சுமார் 2 வோல்ட் போதும். அந்த வாசலைத் தாண்டிவிட்டால் அதற்குக் கணக்கே கிடையாது. கொடுக்கக் கொடுக்கக் குடிக்கும். நம் பின்னோ மாதச் சம்பளக்காரன். ஒரு பின் அதிகபட்சம் 16 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். ஊதாரியையும் சம்பளக்காரனையும் நேருக்கு நேர் விட்டால் குடும்பம் என்னாவது? நடுவில் ஓர் ஆள் வேண்டும். சம்பளக் கவரை வாங்கி வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் காபிக்கும் மட்டும் எண்ணிக் கொடுக்கிற ஆள். அதுதான் ரெசிஸ்டர். (வீட்டில் இதை நான் விளக்கியபோது, “அப்போ நான்தான் ரெசிஸ்டரா?” என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.)

கணக்கு மிகவும் சுலபம். 3.3லிருந்து விளக்குக்கு 2 போனால் மிச்சம் 1.3 வோல்ட். அதை 330 ஓம் ரெசிஸ்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 4 மில்லி ஆம்பியர். பின்னுக்கும் வலிக்காது, விளக்கும் எரியும். இந்த வகுத்தல் கணக்கை 1827ல் புத்தகமாகப் போட்டவர் ஜார்ஜ் ஓம் என்ற ஜெர்மன் பள்ளிக்கூட வாத்தியார். ஆரம்பத்தில் அவரை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1841ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்தது. வாத்தியார்களுக்கு மரியாதை லேட்டாகத்தான் வரும்போல.

330 ஓமுக்கு உடம்பில் ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் என்று மூன்று கோடு. இருபது வாங்கினேன். சுவிட்ச்சுக்குப் பையன் காட்டிய குட்டிப் பொத்தான்கள் எதுவும் பிடிக்கவில்லை. அப்பா விரலுக்கு அகலமாக, அழுத்தினால் ‘டிக்’ என்று கைக்குத் தெரிகிற மாதிரி வேண்டும். திரும்பி வரும் வழியில் தெருமுனை எலெக்ட்ரிகல் கடையில் ஞானோதயம் வந்தது. காலிங்பெல் சுவிட்ச்! அழுத்தும்போது மட்டும் சேரும், விட்டால் பிரியும். ஐந்து வாங்கி, ஒரு மரப் பெட்டியின் மூடியில் வரிசையாகப் பதித்தேன். வீட்டு லைன் ஒயர் அதன் பக்கமே வரக் கூடாது என்று பெட்டியின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன். காலிங்பெல் சுவிட்ச்சைப் பார்த்தால், 230 வோல்ட்டைக் கொண்டுவந்து இணைத்துவிடுகிற உற்சாகமான எலெக்ட்ரீஷியன்கள் ஊரில் உண்டு.

* * *

முதல் நாள். எல்.ஈ.டி.க்கு இரண்டு கால். நெட்டைக் கால் பாசிட்டிவ், குட்டைக் கால் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் எரியாது. நெட்டைக் காலை ரெசிஸ்டர் வழியாகப் பின்னுக்கும், குட்டைக் காலைக் கிரவுண்டுக்கும் கொடுத்தேன். ‘பதினேழை ஏற்று, ஒரு விநாடி கழித்து அணை’ என்று ப்ரோகிராம் எழுதி ஓட்டினேன்.

விளக்கு எரிந்தது! நான் எடிசன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு விநாடி ஆயிற்று. அணையவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று. அணையவில்லை. ப்ரோகிராமை நிறுத்தினேன். எரிந்தது. திட்டினேன். அப்போதும் எரிந்தது.

ஏழாவது படிக்கும் என் பையன் வந்து பின்களை எண்ணினான். “அப்பா, நீ மாட்டியிருக்கறது பதினேழாவது பின். அது எப்பவும் 3.3 வோல்ட் குடுக்கற பின். ப்ரோகிராம் சொல்ற ஜி.பி.ஐ.ஓ. பதினேழு வேற. அது பதினோராவது பின்ல இருக்கு.”

புரிகிறதா? பின்னின் வரிசை எண் வேறு, சிப்புக்குள் அதன் எண் வேறு. சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். பழைய எண் 17, புதிய எண் 11!

நீல விளக்கையும் போட்டுப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி மங்கலாக எரிந்தது. நீலத்துக்கு வாசலே சுமார் 3 வோல்ட்டாம். 3.3ல் அதற்கு மிச்சம் என்ன இருக்கும்? நீலம் எப்போதுமே கொஞ்சம் கிராக்கிதான். கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டி. 1962லேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலத்துக்கு உலகம் 1990கள் வரை காத்திருந்தது. அதைச் சாதித்த மூன்று பேருக்கு 2014ல் நோபல் பரிசே கிடைத்தது. நமக்கு நோபல் வேண்டாம். சிவப்பே போதும்.

இரண்டாம் நாள், சுவிட்ச். ஒரு முனையைப் பின்னில், மறு முனையைக் கிரவுண்டில். அவ்வளவுதானே என்று மாட்டினேன். யாரும் தொடாமலே டி.எம்.எஸ். பாட ஆரம்பித்தார். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சீர்காழி கோவிந்தராஜன் குறுக்கே வந்தார். மனைவி பூஜை அறைக்குப் போய் விபூதி எடுத்து வந்துவிட்டாள்.

பேய் இல்லை. சுவிட்ச் பிரிந்திருக்கும்போது அந்தப் பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. ‘ஆம்’ என்றும் இல்லாமல், ‘இல்லை’ என்றும் இல்லாமல், காற்றில் வருகிற மின்சார இரைச்சலுக்கெல்லாம் தலையாட்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வயதில் நாமெல்லாம் இருந்த மாதிரி. அதை உள்ளிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டோடு லேசாகக் கட்டிவைக்க வேண்டும். அதற்குப் புல்-அப் என்று பெயர். போர்டுக்குள்ளேயே இருக்கிறது; ப்ரோகிராமில் ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். அதற்குப் பிறகு சும்மா இருக்கும்போது பின் மேலே இருக்கும். அழுத்தினால் கிரவுண்டைத் தொட்டுக் கீழே விழும். விழுந்தால் பாட்டு. பேய் போயிற்று.

அடுத்த வியாதி: ஒரு தடவை அழுத்தினால் மூன்று பாட்டு தாண்டியது. சுவிட்ச்சுக்குள் இரண்டு தகடுகள் சேரும்போது, தரையில் போட்ட பந்து மாதிரி சில மில்லி விநாடி எகிறி எகிறி அடங்குமாம். நம் கண்ணுக்கு ஒரு அழுத்தல். கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஏழெட்டு. முதல் தொடுதலை எடுத்துக்கொண்டு, அப்புறம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள் என்று ப்ரோகிராமில் சொல்ல வேண்டும். பொதுவாக 50 மில்லி விநாடி போதும் என்கிறார்கள். அப்பா விரலுக்குப் போதாது. அரை விநாடி வைத்தேன். அந்த அரை விநாடிக்குள் அவர் விரல் எத்தனை தடவை நடுங்கினாலும் பெட்டி அதை ஒரே அழுத்தலாகத்தான் எண்ணும்.

அந்தக் கணக்கைப் போட்டபோது மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஒன்றாம் நம்பர் டி.எம்.எஸ்., இரண்டு பி.பி.ஸ்ரீனிவாஸ், மூன்று சீர்காழி, நாலு காருகுறிச்சியின் நாதஸ்வரம், ஐந்து நிறுத்துவதற்கு. சிவப்பு விளக்கு ஓரத்தில், பெட்டிக்குக் கரண்ட் இருக்கிறது என்று காட்ட, சும்மா எரிந்துகொண்டிருந்தது. கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தேன்.

அப்பா இரண்டை அழுத்தினார். டிக்.

நான் எழுதியிருந்த ப்ரோகிராம், பாட்டைத் தேடி எடுத்துப் பாட ஆரம்பிக்க மூன்று விநாடி ஆகும். எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. மறுபடியும் அழுத்தினார். பாட்டு ஆரம்பித்த நொடியில் அந்த இரண்டாவது அழுத்தல் போய்ச் சேர்ந்து, அடுத்த பாட்டுக்குத் தாண்டியது. அதற்கும் மூன்று விநாடி. மூன்றாவது தடவை அழுத்தினார். அப்புறம் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லா இருக்குடா. அப்புறம் கேட்டுக்கறேன்.”

இது ‘வேண்டாம்டா’வின் இன்னொரு எடிஷன். எனக்கு முகம் விழுந்துவிட்டது. “மூணே விநாடிப்பா. கொஞ்சம் பொறுத்தா வந்துடும்” என்றேன், எரிச்சலாக.

“பொறுக்கலாம்டா. ஆனா ஆர் வரலையே.”

“என்ன ஆர்?”

அப்பா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஸ்டூல் மேல் விரலை வைத்தார். “நான் இங்கேர்ந்து தந்தி அடிக்கிறேன்னு வை. அந்தப் பக்கம் இருக்கறவன் மூஞ்சி எனக்குத் தெரியாது. அவன் இருக்கானா, காபி சாப்பிடப் போயிட்டானான்னும் தெரியாது. முழுசா வாங்கிட்டான்னா ஆர் அடிப்பான். ரிசீவ்டுன்னு அர்த்தம். குட்டை, நெட்டை, குட்டை. அது வந்துட்டா போதும். அவன் அதை ஒரு மணி நேரம் கழிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தாலும் சரி, நான் நிம்மதியா அடுத்ததைப் பார்ப்பேன். அது வரலேன்னா திருப்பித் திருப்பி அடிக்கணும். லேட்டானா பரவாயில்லைடா. லைன் அறுந்திருச்சோன்னுதான் பயம்.”

அவர் பெட்டியைப் பற்றித்தான் சொன்னார். சத்தியமாகப் பெட்டியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்தப் பத்தடி தூரம் ஞாபகம் வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏதோ ஒயரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

* * *

அன்று ராத்திரியே மாற்றினேன். சிவப்பு விளக்கு இனிமேல் சும்மா எரியாது. சுவிட்ச்சை அழுத்தின அந்தக் கணமே, பாட்டைத் தேடப் போவதற்கு முன்னால், விளக்குப் பதில் சொல்ல வேண்டும். குட்டை, நெட்டை, குட்டை. தந்திக் கணக்கில் நெட்டை என்பது மூன்று குட்டை நீளம். நடுவில் விடுகிற இடைவெளி ஒரு குட்டை. ஒரு குட்டைக்கு 100 மில்லி விநாடி வைத்தால், முழு ஆரும் 700 மில்லி விநாடியில் முடிந்துவிடும். பாட்டு வரும்வரை அடுத்த அழுத்தலைக் கண்டுகொள்ளாதே என்றும் இரண்டு வரி சேர்த்தேன். கரண்ட் போய் வந்தால், பெட்டி விழித்ததும் தானாக ஓர் ஆர் அடிக்கும்: ‘ஐயா, இருக்கேன்!’

பாட்டு வர ஆகும் மூன்று விநாடி அப்படியேதான் இருக்கிறது. அதை என்னால் குறைக்க முடியவில்லை. குறைக்கத் தேவையும் இல்லை என்பது மறுநாள் காலையில் தெரிந்தது.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே இரண்டை அழுத்தினார். டிக். விளக்கு சிமிட்டியது. அப்பா நிமிர்ந்தார். ஐந்தை அழுத்தினார். சிமிட்டியது. மறுபடி இரண்டு. சிமிட்டியது. மூன்று விநாடி முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தார். பி.பி.ஸ்ரீனிவாஸ் மெதுவாக ஆரம்பித்தார். அப்பா என்னைப் பார்த்து, “யார்டா இந்த ஆப்பரேட்டர்? கை சுத்தமா இருக்கு” என்றார்.

இதுவரை நான் எழுதியதற்கு நிறையப் பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். இந்த மாதிரி ஒரு விமர்சனம் வந்ததில்லை.

அன்றிலிருந்து பெட்டி அவருடையது. காலையில் நாதஸ்வரம், மத்தியானம் சீர்காழி, சாயங்காலம் நினைத்தவர். யாரையும் கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை.

ஒரு விஷயம் உறைத்தது ஸார். நீங்கள் ஆபீஸில் மேனேஜர் மெயிலுக்கு ‘நோட்டட்’ என்று பதில் போடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீல டிக் வரவில்லை என்றால் பத்து தடவை எடுத்துப் பார்க்கிறீர்கள். லிஃப்ட்டுக்குப் பொத்தானை அழுத்தினால், அதில் விளக்கு எரிந்தால்தான் கையை எடுக்கிறீர்கள். ஊர் முழுக்க ஆர் அடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் அடுத்த அறையிலிருந்து ‘டேய்’ என்று கூப்பிட்டால் மட்டும் நமக்குக் கை வருவதில்லை.

நேற்று இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம். “டேய்...”

பாட்டுக்கு இல்லை. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. போன தீபாவளிக்கு அப்புறம் இப்போதுதான் கூப்பிடுகிறார். கை பாதி வாக்கியத்தில் இருந்தது. ஆனாலும் உடனே சொல்லிவிட்டேன்: “கேட்டுச்சுப்பா. பத்து நிமிஷத்துல வரேன்.”

“சரிடா, மெதுவா வா.”

கால்மணி ஆயிற்று. போனேன். மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். லேட் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதையெல்லாம் சமையலறையிலிருந்து கவனித்துக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்து, “ஏங்க, எனக்கும் அதே மாதிரி ஒரு சிவப்பு லைட் மாட்டுங்களேன்” என்றாள்.

“உனக்கு எதுக்கு? நீதான் போன்லயே பாட்டுக் கேக்கறியே?”

“பெட்டியில இல்லீங்க. உங்க நெத்தியில. நான் பேசறப்ப எரியணும்.”

இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரெசிஸ்டர் இன்னும் பத்தொன்பது கையிருப்பில் இருக்கிறது.